அந்தமானில் பவளம் பார்க்க எங்கே போவது: ஜாலி பாயா, ஹேவ்லாக்கா, நீலா?

"அஞ்சு நாள் லீவு, அப்பா அம்மாவும் வர்றாங்க, பையனுக்கு எட்டு வயசு, எனக்கு ஸ்கூபா பண்ணியே ஆகணும், வீட்டுக்காரருக்கு நீச்சலே தெரியாது, மரைன் பார்க் போறதா ஹேவ்லாக் போறதா?" அந்தமானுக்கு டிக்கெட் போட்டவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கிறது. ஏஜென்ட்டிடம் கேட்டால் மூன்று தீவையும் ஒரே பேக்கேஜில் திணித்துத் தந்துவிடுவார். அப்புறம் தினமும் ஒரு ஜெட்டி, ஒரு வரிசை, ஒரு லைஃப் ஜாக்கெட் என்று லீவு ஓடிவிடும், கடலுக்குள் இருந்த நேரத்தைக் கூட்டினால் மூன்று மணி நேரம்கூடத் தேறாது.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அந்தமானில் கடல் தேசியப் பூங்கா என்று பலகை வைத்த இடத்தில் சுற்றுலாப் பயணிக்கு வழக்கமாக ஸ்கூபா (சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது) கிடையாது. ஸ்கூபா நடக்கும் ஹேவ்லாக்கும் நீலும் பூங்காவுக்குள் இல்லை, அவை மக்கள் குடியிருக்கும் சாதாரணத் தீவுகள். வாண்டூரில் இருக்கும் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983-இல் அறிவிக்கப்பட்டது, 15 தீவுகள், 281 சதுர கிலோமீட்டர். ஜாலி பாய் தீவு இதற்குள்தான் இருக்கிறது. ஹேவ்லாக்குக்கு எதிரே தெரியும் ஜான் லாரன்ஸ், ஹென்றி லாரன்ஸ் தீவுகள் 1996-இல் வந்த ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, ஆனால் அங்கே நாம் நினைத்தபடி போய் இறங்க முடியாது. அதனால் "மரைன் பார்க்" என்ற பெயரை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால், டைவிங் ஆசையோடு போனவர் கண்ணாடிப் படகில் (அடியில் கண்ணாடி பதித்த படகு) உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்.

இன்னொன்று, புக்கிங் தளங்களில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் என்றும் நீல் ஷஹீத் த்வீப் என்றும் இருக்கும் (2018 டிசம்பரில் மாற்றினார்கள்), போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஊரில் எல்லோரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

என்னைக் கேட்டால், தீவின் பெயரைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீரோடு எவ்வளவு நெருக்கம்? படகில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் போதுமா, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்து மிதக்கணுமா (இதுதான் ஸ்நார்க்லிங்), சிலிண்டர் மாட்டிக்கொண்டு கீழே இறங்கணுமா? இது மூன்றும் மூன்று வேறு பயணம். இதைத் தீர்மானிக்காமல் மற்றதைப் பேசிப் பிரயோசனமில்லை.

கூட வருவது யார்? ஸ்கூபாவுக்குக் குறைந்தபட்ச வயது 10. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் இதில் ஏதாவது இருந்தால் டைவ் ஷாப்பில் தரும் மருத்துவப் படிவத்திலேயே நின்றுவிடும். அதில் பொய் எழுதி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பத்து மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சேர்ந்து மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்காகிவிடும், நுரையீரலும் காதும் அதைத் தாங்கியாக வேண்டும்.

எந்த மாதம்? நவம்பர் முதல் மே பாதி வரை சீசன். அதிலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக, தண்ணீர் தெளிவாக இருக்கும். நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் புயல் உருவானால் கப்பல்கள் நின்றுவிடும், அது யார் கையிலும் இல்லை.

திரும்பும் விமானம் எப்போது? ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். பேக்கேஜ் போடுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு என்ன? அதை ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றிலும் பணம் போகும் வழி வேறு வேறு.

## வாண்டூர்: ஜாலி பாய், மழைக்காலத்தில் ரெட் ஸ்கின்

போர்ட் பிளேரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். நவம்பரிலிருந்து மே பாதி வரை ஜாலி பாய் திறந்திருக்கும், மற்ற மாதங்களில் அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவுக்குக் கூட்டிப்போவார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி ஓய்வு கொடுப்பது பவளத்துக்கு நல்லதுதான், ஆனால் பார்ப்பவருக்கு ஜாலி பாய்தான் உயர்த்தி. ரெட் ஸ்கின்னுக்காக மட்டும் மழைக்காலத்தில் அந்தமான் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இந்தப் பயணத்தின் முதல் அனுபவமே ஜெட்டியில் நடக்கும் பை சோதனைதான். சிப்ஸ் பாக்கெட், பாலித்தீன் பை, கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் எதுவும் தாண்டாது. பிஸ்கெட்டைப் பிரித்து டிபன் பாக்ஸில் கொட்டிக்கொண்டு, காலி உறையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஏறும் குடும்பங்களைப் பார்க்கலாம். வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டிலும் டப்பாவும் எடுத்துப்போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தீவில் கடை கிடையாது, டீ கிடையாது, தங்க இடம் கிடையாது. சாப்பாட்டுக்கு முன்கூட்டியே வழி பண்ணிக்கொள்ளுங்கள், கழிப்பறைக்கும் வாண்டூரிலேயே போய்விடுங்கள்.

படகு அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஓடைவழியாகப் போகும்போது எல்லோரும் செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் மேலே பாருங்கள், வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்றாவது கண்ணில் படும். ஓடைக்கரைச் சேறு உவர்நீர் முதலைகளின் இடம், அதனால் கையைத் தண்ணீரில் அலைய விடும் வேலையெல்லாம் வேண்டாம். ஜாலி பாயில் பெரிய படகு கரையைத் தொடாது, பவளத்தை இடித்துவிடும் என்பதால் ஜெட்டியும் கட்டவில்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்தி, சின்னக் கண்ணாடிப் படகுகளில் ஆட்களை மாற்றி இறக்குவார்கள். அந்த மாற்றத்திலேயே முதல் பவளம் தெரிந்துவிடும்: மான் கொம்பு மாதிரிக் கிளைத்தது, மூளை மடிப்பு மாதிரி உருண்டது, நடுநடுவே பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவும் இதைப் பார்க்க முடியும் என்பதுதான் இந்த இடத்தின் பெரிய பலம்.

பலவீனம், நேரம். தீவில் கிடைப்பது சில மணி நேரம்தான். கண்ணாடிப் படகில் டிக்கெட்டோடு வருவது குறுகிய சுற்று, நீண்ட சுற்றுக்குத் தனிக் காசு. ஸ்நார்க்லிங் முகமூடிக்கும் வழிகாட்டிக்கும் தனி. வனத்துறை அனுமதிக் கட்டணம் தனி, படகுக் கட்டணம் தனி, வாண்டூர் போய்வர டாக்ஸி தனி. நான்கு பேர் குடும்பத்துக்குக் கூட்டிப் பார்த்தால் "சும்மா ஒரு நாள் ட்ரிப்" என்று நினைத்தது அப்படி ஒன்றும் சும்மா இருக்காது. தினசரி ஆட்கள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆதார் போன்ற அடையாள அட்டையோடு முன்பதிவு செய்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

பவளத்தின் நிலையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 1998-லும் 2010-லும் கடல் சூடாகி அந்தமான் முழுக்கப் பவளம் வெளுத்தது, 2016-லும் மறுபடி. சூடு தாங்காமல் பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிடுவதால்தான் நிறம் போகிறது. ஆழமில்லாத பகுதிகளுக்குத்தான் அடி அதிகம், கண்ணாடிப் படகு காட்டுவதும் அந்த ஆழமில்லாத பகுதியைத்தான். பழைய படங்களைப் பார்த்துவிட்டு வண்ணத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாம்பல் நிறத் திட்டுகளும் இருக்கும், நடுவில் புதிதாகத் தளிர்த்தவையும் இருக்கும்.

## ஹேவ்லாக்: கீழே இறங்கணும் என்றால் இதுதான்

தனியார் விரைவுப் படகில் போர்ட் பிளேரிலிருந்து ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அரசுக் கப்பல் மலிவு, ஆனால் சீசனில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. டைவ் ஷாப்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையில் இருக்கின்றன. எல்லோரும் படமெடுக்கும் ராதாநகர் கடற்கரை தீவின் மறுபக்கம், அங்கே டைவிங் கிடையாது. அறை போடும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் தினமும் ஆட்டோ காசு அழ வேண்டியதுதான்.

டைவிங் என்றால் இங்கே மூன்று நிலை உண்டு.

முதலாவது ட்ரை டைவ், அதாவது படிப்போ சான்றிதழோ இல்லாமல் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு தடவை இறங்கிப் பார்ப்பது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. அதிகபட்சம் 12 மீட்டர், ஆனால் பெரும்பாலும் அதைவிடக் குறைவான ஆழம்தான். நீமோ ரீஃப் மாதிரி இடங்களில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி மூன்று விஷயம் சொல்லித் தருவார்கள்: வாயால் மட்டும் மூச்சு விடுவது, இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை ஊதிக் காது அடைப்பை எடுப்பது, கை சைகை. நம்மவர்கள் பிரச்சனையே மூன்றாவதில்தான். கீழே போய் மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள், டைவிங்கில் அதற்கு "மேலே போகலாம்" என்று அர்த்தம், இன்ஸ்ட்ரக்டரும் கடமையாக மேலே கூட்டிவந்துவிடுவார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் விரலை வட்டமாக்கிக் காட்டணும். முழு நேரமும் இன்ஸ்ட்ரக்டர் பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே வருவார், நீங்கள் மீனைப் பார்த்தால் போதும்.

ஆனால் ட்ரை டைவை வைத்து "அந்தமான் டைவிங் பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட முடியாது. கரையோரத்தில் மணலும் சிதறிய பவளமும் அதிகம். கடல் சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீன், சிங்க மீன், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு நீலப்புள்ளித் திருக்கை. கொடுத்த காசுக்குத் திருப்தி வேண்டும் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் படகில் போய் இறங்கும் ட்ரை டைவைக் கேளுங்கள், வித்தியாசம் பெரிது.

இரண்டாவது ஓபன் வாட்டர் படிப்பு. மூன்று அல்லது நான்கு நாள், 18 மீட்டர் வரை இறங்கும் சான்றிதழ், உலகத்தில் எங்கேயும் செல்லும். இதற்கு நீச்சல் தெரியணும்: 200 மீட்டர் நீந்துவதும் பத்து நிமிடம் மிதப்பதும் கேட்பார்கள். செலவு ட்ரை டைவைப்போல ஐந்தாறு மடங்கு ஆகும். ஆனால் அதற்குள்ளேயே நான்கு கடல் டைவ் அடக்கம் என்பதால், இரண்டு மூன்று ட்ரை டைவ் பண்ண நினைப்பவருக்கு இதுதான் லாபம்.

மூன்றாவது, ஏற்கெனவே சான்றிதழ் உள்ளவர்கள். ஹேவ்லாக்கின் உண்மையான பெருமை இவர்களுக்குத்தான் தெரியும். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்களுக்குப் படகில் வெகுதூரம் போகணும், 18 மீட்டருக்குக் கீழேயும் இறங்கணும். நீரோட்டம் பலமாக இருக்கும் நாட்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடியும். பாரை, சீலா கூட்டங்கள் தலைக்கு மேலே சுவர் மாதிரித் திரும்பும். பாறை இடுக்கில் பாம்பு மாதிரி நீண்ட அஞ்சாலை மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும், கீழே பெரிய களவா ஒன்று அசையாமல் நம்மைப் பார்க்கும். மேலோட்டப் பவளம் அடி வாங்கிய பிறகும் இந்த ஆழத்து மீன் கூட்டத்துக்காகத்தான் டைவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு மூன்று இடத்தில். இருவழிக் கப்பல் டிக்கெட், சீசனில் ஏறும் அறை வாடகை, அப்புறம் அந்த விமான இடைவெளிக்காக ஒரு ராத்திரி கூடுதல். கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானால் ஹேவ்லாக்கில் இன்னொரு ராத்திரி, விமான டிக்கெட் மாற்றும் காசு வேறு. அதனால் கடைசி நாள் காலைக் கப்பலில் வந்து மதியம் விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

டைவ் செய்யாதவருக்கு எலிஃபன்ட் பீச். காட்டுவழியாக நடந்தோ படகிலோ போகலாம், கரையிலேயே ஸ்நார்க்லிங். காலை முதல் படகு என்றால் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் ஜெட் ஸ்கீ சத்தத்தில் மீனும் ஓடும் நாமும் ஓடுவோம். யானை நீந்தும் படங்களைப் பார்த்துவிட்டு யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், ராஜன் என்ற அந்த யானை 2016-லேயே இறந்துவிட்டது. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். 2010-இல் இந்தத் தீவிலேயே ஸ்நார்க்லிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலையிடம் உயிரிழந்தார்.

## நீல்: கடலுக்குள் போகாமலே கடலைப் பார்க்க

ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர் என்று கடற்கரைகளுக்கு ராமாயணப் பெயர். சின்னத் தீவு, தட்டையான தரை, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். ஹேவ்லாக்கிலிருந்து ஒரு மணி நேரம்.

இங்கே நான் பெரிதாகச் சொல்வது லக்ஷ்மண்பூர் இரண்டாவது கடற்கரையைத்தான். இயற்கைப் பாலம் என்று எல்லோரும் போய் அந்தப் பாறை வளைவின் கீழ் ஒரு படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நீர் வற்றும் நேரத்தில் போனால் அந்தப் பாறைத் தரை முழுக்கக் குட்டை குட்டையாகத் தண்ணீர் தங்கியிருக்கும், ஒவ்வொன்றிலும் ஏதாவது இருக்கும்: கறுப்புக் கடல் அட்டை, இடுக்கில் பதுங்கும் நண்டு, உதட்டை நீலமாகவோ பச்சையாகவோ காட்டிவிட்டு நிழல் பட்டதும் மூடிக்கொள்ளும் ராட்சதச் சிப்பி. உள்ளூர் வழிகாட்டி ஒருவருக்குக் கொஞ்சம் காசு கொடுத்தால் நாம் தாண்டிப்போயிருக்கும் பத்து உயிர்களைக் காட்டித் தருவார். நீச்சல், முகமூடி, படகு எதுவும் தேவையில்லை. ரப்பர் அடி போட்ட செருப்பும் ஓத நேரமும் போதும். அறையைப் போடுவதற்கு முன்னால் அன்றைக்கு வற்று எத்தனை மணிக்கு என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் போனால் வெறும் அலைதான்.

பரத்பூரில் ஸ்நார்க்லிங்குக்கு நேர்மாறு, நீர் ஏறியிருக்க வேண்டும். டைவ் ஷாப் இங்கேயும் உண்டு, கூட்டம் குறைவு, ஆனால் ஹேவ்லாக் அளவுக்குத் தேர்வு இல்லை. அந்தமானின் மாநில விலங்கான ஆவுளியா, அதாவது கடற்பசு, நீலைச் சுற்றியுள்ள கடற்புல் படுகைகளில் மேய வருவதுண்டு. அதைக் காட்டுகிறேன் என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், கண்ணில் படுவது அவ்வளவு அரிது.

செலவு குறைவு மாதிரித் தோன்றும், ஆனால் கூடுதலாக ஒரு கப்பல் பயணம் சேருகிறது. நான்கு நாளே இருப்பவர் இதையும் சேர்த்தால் பெட்டி கட்டிப் பிரிப்பதிலேயே போய்விடும்.

## மற்ற இரண்டு

நார்த் பே: பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கப் படம் இந்த இடம்தான். போர்ட் பிளேர் நகரத்திலிருந்தே படகு. கடல்நடை (தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கடலடியில் நடப்பது), கண்ணாடிப் படகு என்று எல்லாம் கிடைக்கும், ஆனால் கூட்டமும் அவசரமும் அதிகம். ஒரே நாள்தான் இருக்கிறது, அதுவும் திங்கட்கிழமை என்றால் தவிர வேறெதற்கும் சொல்ல மாட்டேன்.

திக்லிப்பூர் பக்கத்துக் காலிப்பூர் கடற்கரை: ஆமை முட்டையிடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. தோணியாமை, பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை நான்கும் வரும் கரை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். போய்ச் சேரவே ஒரு முழு நாள் சாலைப் பயணம். வாரக்கணக்கில் நேரம் இருந்தால் போங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஜாலி பாய் | ஹேவ்லாக் | நீல் |
|---|---|---|---|
| ஸ்கூபா | இல்லை | எல்லா நிலையும் | உண்டு, தேர்வு குறைவு |
| நீச்சல் தெரியாதவர் | கண்ணாடிப் படகு | ட்ரை டைவ் | வற்று நேரக் குட்டைகள் |
| பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் | நல்லது | சுமார் | மிக நல்லது |
| தேவையான நேரம் | ஒரு பகல் | குறைந்தது இரண்டு ராத்திரி | ஒரு ராத்திரி |
| எதிர்பாராத செலவு | தனித்தனிக் கட்டணங்கள், டாக்ஸி | கப்பல் ரத்து, கூடுதல் ராத்திரி | கூடுதல் கப்பல் |

## யாருக்கு எது

வயதானவர்களும் பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளும் உள்ள குடும்பம், மூன்று நான்கு நாள் என்றால் ஜாலி பாயும் போர்ட் பிளேரும் போதும். ஹேவ்லாக் போகாமல் அந்தமானா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் டைவிங் ஆசை என்றால் ஹேவ்லாக்கில் இரண்டு ராத்திரி: காலை அவர் டைவ், மற்றவர்கள் கடற்கரை. ஜோடியாகவோ நண்பர்களாகவோ போகிறவர்கள், நீச்சல் தெரியும், ஆறு ஏழு நாள் இருக்கிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஹேவ்லாக்கிலேயே உட்கார்ந்து ஓபன் வாட்டர் முடியுங்கள், ஒவ்வொரு தீவிலும் ஒரு ட்ரை டைவ் என்று சிதறடிக்காதீர்கள். கடலும் உயிரினமும் பிடிக்கும் ஆனால் தண்ணீருக்குள் தலையை விடப் பயம் என்றால், தயங்காமல் நீல்.

## நாட்களை அடுக்கும்போது

இரண்டும் வேண்டும் என்றால் டைவை முதலில் வையுங்கள், ஜாலி பாயைக் கடைசியில். கண்ணாடிப் படகுக்கும் ஸ்நார்க்லிங்குக்கும் விமான இடைவெளி கிடையாது, அதனால் ஊர் திரும்பும் முந்தைய நாள் வாண்டூர் போய்வருவதில் சிக்கல் இல்லை. அந்த நாள் திங்களாக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேரில் இறங்கியதுமே ஹேவ்லாக் கப்பல் ஏறிவிடுவது நல்லது, வானிலை கெட்டாலும் நடுவில் தள்ளிப்போட நாள் மிச்சம் இருக்கும்.

சளி பிடித்திருந்தால் டைவைத் தள்ளிப்போடுங்கள், காது அடைப்பு எடுக்க வராது. டைவ் ஷாப்பில் பணம் கட்டும் முன்னால் ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர், படகா கரையா, தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், வானிலை கெட்டால் பணம் திரும்புமா என்ற நாலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது, விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால் உங்கள் விமானம் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.